பாட்டனாரின் சவரக் கத்தியையும் ஷேவிங் செட்டையும் ஒரே சவரத்தில் பயன்படுத்தலாமா?

பதிவு 1 | கமாயுட்வாசி (ரங்கூன்)

அன்பர்களுக்கு வணக்கம். நம் வீடுகளில் ஷேவிங் செட் என்று வழங்கும் பாதுகாப்பு ரேசரால்தான் நான் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சவரம் செய்து வருகிறேன். சென்ற தைப்பூசத்துக்குத் தட்டோனில் உள்ள பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, என் பாட்டனார் பயன்படுத்திய மடக்குச் சவரக் கத்தியை அவர் என் கையில் கொடுத்தார். பாட்டனார் சவரத் தொழில் செய்தவர் அல்லர். அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். ஆனாலும் கடைசி வரை தம் முகத்தை அந்தக் கத்தியால் தாமே மழித்துக்கொண்டார் என்று பெரியப்பா சொல்கிறார். அலகின் கழுத்துப் பகுதியில் ஆங்கில எழுத்தில் ஜெர்மனி என்ற ஒரு சொல் மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கிறது, மற்றவை தேய்ந்துவிட்டன.

பழைய சவரத் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்துக் கல்லில் தீட்டி வாங்கினேன். பழைய தோல் பெல்ட் ஒன்றை, கத்தியைத் தேய்த்துக் கூரைச் சீர்செய்யும் வாராக வைத்துக்கொண்டு நான்கு மாதங்களாகப் பழகுகிறேன். இரண்டு கன்னங்களும் கிருதா ஓரங்களும் கைவந்துவிட்டன. மோவாயும் தாடைக்குக் கீழே உள்ள கழுத்தும் வரவில்லை. அங்கே கத்தி ஒன்று இழுக்கிறது, அல்லது கிழிக்கிறது. எனவே கன்னங்களைக் கத்தியாலும் மற்ற இடங்களை ஷேவிங் செட்டாலும் முடிக்கிறேன். இதைப் பார்த்த என் அத்தை மகன், "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று கேலி செய்கிறான்.

நான் கேட்க விரும்புவது இரண்டு. இப்படிக் கலந்து செய்வது முறைதானா, அப்படியானால் எதை முதலில் எடுக்க வேண்டும்? அடுத்து, வைகாசிக் கடைசியில் மழை பிடித்ததிலிருந்து அலகில் ஆரஞ்சு நிறத் துரு தோன்றுகிறது. எண்ணெய் தடவி, துணியால் துடைத்து வைத்தாலும் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இவ்வகைக் கத்தியை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

பதிவு 2 | அடப்பம் (மோல்மீன்)

கமாயுட் தம்பிக்கு வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக இவ்வூரில் முடிதிருத்தும் கடை நடத்துகிறது. என் அப்பாவின் அடப்பம், அதாவது சவரக் கருவிகள் வைக்கும் பை, இன்றும் கடைச் சுவரில் தொங்குகிறது. அதனால்தான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன். இரண்டு கருவிகளையும் ஒரே முகத்தில் பயன்படுத்துவதில் குற்றம் ஒன்றும் இல்லை. உங்கள் அத்தை மகன் தாடி வளர்ப்பவராக இருக்கக்கூடும்.

ஷேவிங் செட்டின் தலை, பிளேடு தோலில் படவேண்டிய சாய்வைத் தானே பிடித்துக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது அழுத்தாமல் இருப்பது ஒன்றுதான். கத்தியில் அந்தச் சாய்வை உங்கள் மணிக்கட்டு பிடிக்க வேண்டும். அலகின் முதுகைத் தோலிலிருந்து அந்த முதுகின் தடிமனைப்போல இரண்டு மடங்கு உயர்த்திப் பிடித்தால் ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வு கிடைக்கும். இதைக் கண்ணாடியைப் பார்த்து அளக்கத் தேவையில்லை, காதால் கேட்கலாம்: சரியான சாய்வில் கத்தி மணல்தாளைப் போல மெல்லச் சரசரக்கும், முதுகு மிகவும் எழும்பிவிட்டால் சத்தம் கரகரப்பாகும், அப்போது நீங்கள் முடியோடு தோலையும் சுரண்டுகிறீர்கள் என்று பொருள்.

மோவாய் ஏன் வரவில்லை என்பதற்கு நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. ஷேவிங் செட் பழகிய எல்லாரும் வலக்கையை மட்டுமே வேலை செய்ய வைக்கிறார்கள். எங்கள் தொழிலில் இடக்கைதான் பாதிச் சவரம் என்போம். கன்னத்தில் தோல் தானாகவே ஓரளவு விறைப்பாக இருப்பதால் இழுத்துப் பிடிக்காமலும் தப்பித்துக்கொள்கிறீர்கள். மோவாயில் கீழுதட்டை உள்ளே மடக்கிப் பல்லோடு ஒட்டவைத்து, இடக்கைக் கட்டைவிரலால் மோவாய்க்கு அடியிலுள்ள தோலைக் கீழ்நோக்கி இழுத்து, அலகின் நடுப்பகுதியை விட்டுவிட்டு நுனியை ஒட்டிய அரை அங்குலத்தால் மட்டும், சிறு சிறு இழுப்புகளாக எடுத்துப் பாருங்கள். கழுத்துக்குத் தலையைப் பின்னால் சாய்ப்பது மட்டும் போதாது. மழிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக முகத்தைத் திருப்ப வேண்டும். விரல் வழுக்கினால் படிகாரக் கட்டியை ஈரமாக்கித் தொட்டுக்கொள்ளுங்கள், பிடிப்பு கிடைக்கும்.

வரிசையைப் பொறுத்தவரை, கத்தி முதலில், செட் பிறகு. முடி முழு நீளத்தோடும் நுரை புதிதாகவும் இருக்கும்போதுதான் கத்தி தான் எங்கே இருக்கிறது என்பதைக் கைக்குச் சொல்லும். செட்டால் ஒருமுறை எடுத்துவிட்ட தோலில் கத்தியை வைத்தால் அந்தச் செய்தி கைக்கு வருவதில்லை. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமலே அழுத்திவிடுவோம். எரிச்சல் பிறகுதான் தெரியும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் பள்ளி விடுமுறையில், பர்மியச் சிறுவர்கள் சிறிது காலம் துறவு ஏற்கும் ஷின்பியூ சடங்கு நடக்கும்போது ஒரே நாளில் முப்பது, நாற்பது சிறுவர்களின் தலையை மழிக்க மடத்துக்குப் போவேன். பிக்குகளுக்கு உரிய எட்டுப் பரிக்காரங்களில், அதாவது உடைமைகளில், மூன்று சீவரங்கள் (துறவாடைகள்), பாத்திரம், இடைக்கச்சை, ஊசி, நீர் வடிகட்டி ஆகியவற்றோடு சவரக் கத்தியும் ஒன்று என்பதை இங்கே உள்ளவர்கள் அறிவீர்கள். ஆனாலும் அங்கே நான் கொண்டுபோவது ஆளுக்கு ஒரு பாதி பிளேடு மாற்றும் கத்தியைத்தான். முழுக் கத்தியைக் கடையிலும் மடத்திலும் நான் பயன்படுத்துவதே இல்லை. வீட்டில் என் முகத்துக்கு மட்டும் அப்பாவின் கத்தி.

பதிவு 3 | முழுக்கத்தி (ரங்கூன்)

அடப்பம் அண்ணன் அவர்களோடு ஒரு செய்தியில் மாறுபடுகிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் செட் இருக்கும் வரை எவரும் மோவாயைக் கற்றுக்கொள்ளப் போவதில்லை. நானும் ஓர் ஆண்டு இப்படித்தான் கலந்து செய்தேன். ஓர் ஆண்டு முடிவிலும் என் கன்னம் மட்டுமே கத்திக்குப் பழகியிருந்தது. செட்டை எடுத்து அலமாரியில் பூட்டி, சாவியை வீட்டுக்காரியிடம் கொடுத்த பிறகு ஆறே வாரங்களில் கழுத்தும் வந்துவிட்டது. அந்த ஆறு வாரங்களில் என் முகம் எப்படி இருந்தது என்று அலுவலகத்தில் யாரையும் கேட்க வேண்டாம்.

பதிவு 4 | உருக்கும் கல்லும் (பெகு)

கலந்து செய்யலாமா என்ற கேள்விக்குப் போகும் முன், துருவைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய சவரக் கத்திகள் கரி மிகுந்த உருக்கால் ஆனவை. பிளேடுகளில் ஏறத்தாழ 13 சதவீதம் குரோமியம் சேர்ந்திருப்பதால் அவை நம் மழையைத் தாங்குகின்றன. 1962இல் வில்கின்சன் சோர்ட் நிறுவனம் துருப்பிடிக்காத பிளேடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பிளேடு உலகம் முழுவதும் அந்த உருக்குக்கு மாறியது. எனவே உங்கள் கத்தி துருப்பிடிப்பது இயல்பு. ஆனால் எண்ணெய் தடவிய அலகில் மூன்றாம் நாளே துரு திரும்புவது இயல்பாகத் தோன்றவில்லை. பெகுவில் எங்கள் பட்டறை ஆற்றுக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே திறந்து கிடக்கும் உளிகள்கூட எண்ணெய் பூசினால் இரண்டு வாரம் தாங்குகின்றன.

தயவுசெய்து இவற்றுக்கு விடை எழுதுங்கள். துரு அலகில் எந்தப் பகுதியில் வருகிறது: வாயிலா (வெட்டும் ஓரத்திலா), முதுகிலா, பக்கவாட்டிலா? மூடி வைக்கும்போது கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் அதிகமா? கைப்பிடி என்ன பொருள், என்ன நிறம்? கத்தியை எங்கே வைக்கிறீர்கள்? தீட்டியவர் கல்லில்தான் தீட்டினாரா, மோட்டார் சாணையில் பிடித்தாரா? மோட்டார் சாணையில் வாய் ஒரு நொடியில் சூடேறிவிடும். ஏறக்குறைய முந்நூறு பாகை செல்சியஸில் உருக்கு நீலம் பாயும். நீலம் பாய்ந்த வாய் பதம் இழந்தது, பிறகு எந்தக் கல்லும் அதைத் திருத்தாது.

ஓர் உபரிச் செய்தி. ஜெர்மனி என்ற சொல் அலகில் இருப்பது உங்கள் பாட்டனாரின் கத்திக்கு ஒரு முன் எல்லையைத் தருகிறது. அயல்நாட்டுப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பிரித்தானியாவின் 1887ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தாலும் அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தாலும்தான் பரவியது. எனவே அது அதற்குப் பிற்பட்டதாகவே இருக்க வேண்டும்.

பதிவு 5 | கமாயுட்வாசி (ரங்கூன்)

அனைவருக்கும் நன்றி. பெகு ஐயாவின் கேள்விகளுக்கு விடைகள். தீட்டியவர் தண்ணீர் விட்டுக் கல்லில்தான் தீட்டினார். நீலம் எதுவும் இல்லை. துரு அலகின் இரு பக்கங்களிலும் வருகிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், மூடும்போது கைப்பிடிக்குள் போகும் பகுதியில்தான் திட்டுத் திட்டாக இருக்கிறது; வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முதுகும், கழுத்துக்கு அப்பால் உள்ள வாலும் ஓரளவு சுத்தமாகவே உள்ளன. கைப்பிடி தந்தம் என்று பெரியப்பா சொன்னார். வெளிர் மஞ்சளாக, மெல்லிய வரிகளோடு இருக்கிறது. ஆணிக்கு அருகில் நூல்போன்ற விரிசல்கள் தெரிகின்றன. பாட்டனாரின் பொருள் என்பதால் அதைப் பூசை அறை அலமாரியில் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதனால் கத்தியிலும் கற்பூர வாசனை ஏறிவிட்டது.

அடப்பம் அண்ணன் சொன்னபடி உதட்டை மடக்கி, தோலை இழுத்துப் பிடித்துச் செய்தேன். முதன்முறையாக மோவாயின் இடப்பக்கம் இரத்தமில்லாமல் முடிந்தது. வலப்பக்கத்துக்குக் கையை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் விளங்கவில்லை. முழங்கை கண்ணாடியை மறைக்கிறது.

பதிவு 6 | உருக்கும் கல்லும் (பெகு)

கமாயுட் தம்பி, அது தந்தம் அல்ல, செல்லுலாய்டு என்று நினைக்கிறேன். கற்பூரமும் பூசை அறையிலிருந்து வந்ததல்ல, கைப்பிடியிலிருந்தே வருகிறது. கைப்பிடியைக் கட்டைவிரலால் சூடேறும் வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். வாசனை கூடினால் ஐயமில்லை. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துச் செய்யும் இந்தப் பொருளுக்கு 1870இல் அமெரிக்காவில் காப்புரிமை பெறப்பட்டது. அதன் பிறகு தந்தத்துக்கு மாற்றாகச் சீப்பு முதல் பில்லியர்ட்ஸ் பந்து வரை எல்லாவற்றிலும் நுழைந்தது. தந்தத்தின் வரிகளைப்போலவே வரி போட்டுச் செய்வார்கள்.

இதில் உள்ள கேடு என்னவென்றால், செல்லுலாய்டு வயதாகும்போது தானே சிதையத் தொடங்குகிறது. அப்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகின்றன. வெப்பமும் ஈரமும் அந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன. நீங்கள் கத்தியை மடக்கித் தகரப் பெட்டிக்குள் மூடும்போது, அலகை ஒரு மெல்லிய அமிலக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறீர்கள். கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு திட்டுத் திட்டாக வருவதும், ஆணியைச் சுற்றி விரிசல் விடுவதும் இதன் அடையாளங்கள். மழையைக் குறை சொல்வதில் பாதி நியாயம்தான் உண்டு; மழை இந்த நோயை வெளியே காட்டிக்கொடுத்தது.

செய்ய வேண்டியவை: இன்றே கத்தியைத் தகரப் பெட்டியிலிருந்து எடுங்கள். பூசை அறையிலும் வைக்க வேண்டாம். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும், அங்கே விளக்கு எரிகிறது. ஆணிகளை அரத்தால் தேய்த்து, கைப்பிடியை முழுவதுமாகக் கழற்றிவிடுங்கள். அலகைத் தனியே துடைத்து, மினரல் ஆயில் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும். புதிய கைப்பிடிக்கு எருமைக் கொம்பு அல்லது மரம் போதும். நம் நாட்டில் இருந்துகொண்டு வேறு மரத்தைத் தேடுவானேன்? தேக்கு தன் எண்ணெயால் இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. கப்பல் கட்டியவர்கள் ஓக்கை விட்டுத் தேக்கை விரும்பியதற்கு, ஓக்கின் அமிலம் ஆணியைத் தின்னும், தேக்கில் ஆணி தங்கும் என்பதும் ஒரு காரணம். ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியும் சிறு வாஷர்களும் இருந்தால் சிறு சுத்தியலால் தட்டியே ஆணி அடித்துவிடலாம்.

கைப்பிடி வரும் வரை செட்டோடு இருங்கள். முழுக்கத்தி நண்பர் பொறுத்துக்கொள்வார்.

பதிவு 7 | முழுக்கத்தி (ரங்கூன்)

பொறுத்துக்கொள்கிறேன். அலகைக் கழற்றிய வீட்டில் செட்டைப் பூட்டச் சொல்ல நான் அவ்வளவு கொடியவன் அல்லன்.

பதிவு 8 | தோல்நல மருத்துவர் (மாண்டலே)

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். அடப்பம் அண்ணன் கடையில் முழுக் கத்தியைப் பயன்படுத்துவதில்லை என்று எழுதியிருப்பது என்னைப் போன்றவர்களுக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் செய்தி. 2015இல் பர்மா முழுவதும் நடந்த இரத்தப் பரிசோதனை ஆய்வில் ஏறத்தாழ 6.5 சதவீதத்தினரிடம் ஹெபடைடிஸ் பி தொற்று காணப்பட்டது. அந்த வைரஸ் உலர்ந்த இரத்தக் கறையில் ஏழு நாள் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். ஆகவே வீட்டுக்குள்ளும் கத்தியையோ செட்டையோ அண்ணன் தம்பி பகிர்ந்துகொள்ளக் கூடாது. பாட்டனாரின் கத்தியைச் சோப்பால் நன்றாகக் கழுவி, எழுபது சதவீத ஆல்கஹாலால் துடைத்துப் பயன்படுத்துங்கள். செல்லுலாய்டு கைப்பிடியில் ஆல்கஹால் படக் கூடாது, அதைக் கரைத்துவிடும்.

கலந்து செய்வதைப் பற்றிய என் கருத்து தோலைச் சார்ந்தது. ஒரே இடத்தில் இரண்டு கருவிகளும் படும்போதுதான் எரிச்சல் கூடுகிறது. கத்தி பட்ட கன்னத்தில் செட் வேண்டாம். செட் படும் கழுத்தில் கத்தி வேண்டாம். இடத்தைப் பிரித்துக்கொண்டால் எது முதல் என்ற வழக்கே எழாது. மேலும், கழுத்தில் சுருண்டு வளரும் முடி உள்ளவர்கள் எதிர்வாட்டத்தில், அதாவது முடி வளரும் திசைக்கு எதிராக, மழிப்பதை விட்டுவிட வேண்டும். மிக ஒட்ட வெட்டப்பட்ட சுருள்முடியின் கூர்நுனி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து, கொப்புளமாகிறது. பல பிளேடுகள் அடுக்கிய நவீன ரேசர்களில் இது அதிகம். ஒற்றை வாயுள்ள கத்தியும் செட்டும் இந்த வகையில் மேலானவை. கமாயுட் தம்பியின் கழுத்தில் கத்தி இழுப்பதற்கு முடி சுழன்று வளர்வதும் காரணமாக இருக்கலாம். இரண்டு நாள் சவரம் செய்யாமல் விட்டு, விரல் நுனியால் நான்கு திசையிலும் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் முள்ளாகக் குத்துகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக மழிக்க வேண்டும்.

சவரம் முடிந்தவுடன் தனக்கா என்னும் மரப்பட்டைக் குழம்பைப் பூசிக்கொள்ளும் வழக்கம் பலருக்கு உண்டு. குளிர்ச்சிக்காகப் பூசுவதில் தவறில்லை. ஆனால் கல்லில் அரைத்த குழம்பைக் கீறல்மேல் பூச வேண்டாம். கீறலுக்குப் படிகாரம், அது ஆறிய பின் தனக்கா.

பதிவு 9 | அடப்பம் (மோல்மீன்)

டாக்டர் அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இடத்தைப் பிரித்துக்கொள்வது நல்ல தீர்வு. ஆனாலும் கற்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எல்லைக்கோடு ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. மாதத்துக்கு இரண்டு விரற்கடை, கத்தியின் பங்கு கூடும்படி நகர வேண்டும். அப்படி நகர்ந்தால் முழுக்கத்தி தம்பியின் குறையும் தீர்ந்துவிடும். இந்த மாதம் தாடை எலும்பு வரை, அடுத்த மாதம் அதற்குக் கீழே, பிறகு மோவாய், கடைசியாக மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. அந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் செட்டை விடக் கத்தியே நல்லது, ஏனென்றால் செட்டின் தலை மூக்கில் முட்டும், தான் எதை வெட்டுகிறது என்பதையும் மறைத்துவிடும். கத்தியின் நுனியோ உங்கள் கண்முன் இருக்கும்.

முழங்கை கண்ணாடியை மறைப்பதாகக் கேட்டிருந்தீர்கள். வலக்கைக்காரர் முகத்தின் இடப்பக்கத்தை மழிக்கும்போது அது எல்லாருக்கும் நேரும். மோவாயின் வலப்பக்கத்திலும் அப்படி ஆகிறது என்றால் நீங்கள் கத்தியைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். கட்டைவிரல் கத்தியின் கழுத்துக்கு அடியில், மூன்று விரல்கள் அந்தக் கழுத்தின்மேல், சுண்டுவிரல் வாலில். கைப்பிடி உங்கள் முகத்தை விட்டு வெளியே நிற்க வேண்டும். சிலர் இடப்பக்கத்துக்கு இடக்கையையே பழக்குகிறார்கள். நான் பழக்கவில்லை; என் அப்பா பழக்கியிருந்தார், பார்க்க அழகாக இருக்கும்.

இன்னொன்று, நீங்கள் பெல்ட்டை வாராக வைத்திருப்பதாக எழுதினீர்கள். அதில் துளைகளோ தையலோ இருந்தால் உடனே விட்டுவிடுங்கள். வாரில் கத்தி எப்போதும் முதுகு முன்னே, வாய் பின்னே போக வேண்டும். ஓரத்தில் வந்ததும் முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். வாயின் மேல் புரட்டினால் வாரும் கிழியும், வாயும் மழுங்கும். சவரத்துக்கு முன் துணியில் இருபது தடவை, தோலில் நாற்பது தடவை. வார் தளர்ந்து தொங்கக் கூடாது. தோல் கிடைக்காத காலத்தில் என் அப்பா செய்தித்தாளை நான்காக மடித்துப் பலகையில் வைத்து வாரடித்தார். அச்சு மை நன்றாகவே வேலை செய்யும்.

பதிவு 10 | தாமு வழி (ரங்கூன்)

அண்ணன்மார்களே, ஓர் எளிய கேள்வி. பிளேடு ஐந்தாறு சவரத்தில் தீர்ந்துவிடுகிறது, ஆனால் கத்தி மாதக்கணக்கில் வருகிறது என்கிறீர்கள். இரண்டும் உருக்குத்தானே? நான் பிளேடு வாங்கி விற்பவன். மோரே எல்லை வழியாக இந்தியப் பிளேடு வந்த காலம் முதல் இந்த வியாபாரத்தில் இருக்கிறேன், எனக்கே இது புரிந்ததில்லை. கத்தி கிடைக்காதவர்கள் பாதி பிளேடு மாட்டும் கத்தியிலேயே பழகலாமா என்றும் சொல்லுங்கள்.

பதிவு 11 | உருக்கும் கல்லும் (பெகு)

உருக்குத்தான், ஆனால் பிளேட்டின் தடிமன் 0.1 மில்லிமீட்டர். அதை வாரில் தீட்டிப் பதப்படுத்த வழியில்லை. மேல்பூச்சு போன பிறகு அது முடிந்தது. சவரத்தின்போது வாய்க்கு என்ன நேர்கிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் மின்னணு நுண்ணோக்கியின்கீழ் காட்டினார்கள். உருக்கை விடப் பல மடங்கு மென்மையான முடி, வளைந்து சாய்ந்த கோணத்தில் வாயில் படும்போது, உருக்கின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் சிறு சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது. இதனால் நமக்குக் கிடைக்கும் பாடம், முடி வளையாதபடி அதைத் தாங்கிப்பிடிக்கும் கெட்டி நுரையும், முடி நீரை உறிஞ்சி மென்மையாக இரண்டு மூன்று நிமிட நேரமும் எந்தக் கருவிக்கும் வேண்டும் என்பது. கத்தியில் வளைந்த வாயை வார் தினமும் நிமிர்த்திவிடுகிறது. சில மாதங்களில் வாரால் இயலாதபோது கல். ஆறு-எட்டு என்று சொல்லும் அளவுக் கத்தி, அதாவது 19 மில்லிமீட்டர் அகல அலகு, முதுகு ஐந்தரை மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படுக்கவைத்தால் வாயின் கோணம் ஏறக்குறைய 16, 17 பாகையில் தானே அமைந்துவிடும். செட்டின் தலை சவரத்தில் செய்யும் வேலையைக் கத்தியின் முதுகு கல்லில் செய்கிறது.

பாதி பிளேடு மாட்டும் கத்தியைப் பற்றி: பழகலாம், ஆனால் அதை எளிய கத்தி என்று நினைத்து வாங்க வேண்டாம். அதன் முனைகள் இரண்டும் கூர்மையானவை, எடை குறைவு, சிறு பிழையையும் மன்னிக்காது. கற்பவருக்கு மூன்றிலும் கடினமானது அதுவே என்பது என் கருத்து. அடப்பம் அண்ணன் கையில் அது எளிதாகத் தோன்றுவது வேறு செய்தி.

கலந்து செய்வதில் என் வழி மற்றவர்களிடமிருந்து சற்று வேறானது. வேலை நாள்களில் செட், ஞாயிறும் விடுமுறையும் முழுக்கக் கத்தி. அக்காலத்தில் வசதியுள்ளவர்கள் முதுகில் கிழமைப் பெயர் பொறித்த ஏழு கத்திகளை ஒரே பெட்டியில் வைத்திருந்தார்கள். கத்திக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. உருக்கு ஓய்வில் கூராவதில்லை. ஆனால் ஆணிக்குள் தங்கிய ஈரம் உலர ஒரு வாரம் கிடைக்கிறது. நம் ஊரில் அதுவே பெரிது.

ஒரு வேடிக்கைக்காகச் சொல்கிறேன்: கில்லட் நிறுவனம் விற்பனையைத் தொடங்கிய 1903இல் மொத்தம் 51 ரேசர்களையும் 168 பிளேடுகளையும் மட்டுமே விற்றது. அந்த ஆண்டு மழித்துக்கொண்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் முழுக்கத்தி நண்பரின் கட்சி.

பதிவு 12 | கமாயுட்வாசி (ரங்கூன்)

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். கைப்பிடியைத் தேய்த்து முகர்ந்தேன், பெகு ஐயா சொன்னது சரி; பெரியப்பாவிடம் அது தந்தம் அல்ல என்று சொல்ல மட்டும் இன்னும் துணிவு வரவில்லை. ஆணிகளைக் கழற்றியபோது அடியில் பச்சையும் பழுப்புமாகப் பொடி உதிர்ந்தது. எங்கள் தெருத் தச்சரிடம் பழைய கதவுச் சட்டத்தின் தேக்குத் துண்டு இருந்தது. தேக்கு இழைப்புளியை விரைவில் மழுக்கிவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு தகடுகளை இழைத்துக் கொடுத்தார். முதல் முறை ஆணியை அதிகம் இறுக்கிவிட்டேன், அலகு மூடும்போது ஒரு பக்கம் உரசியது. மறுபடி கழற்றி, நடுவில் சிறு மூங்கில் ஆப்பு வைத்துச் சரிசெய்தேன். ஆறு வாரமாகக் கடும் மழை. கத்தியைத் துணியில் சுற்றித் திறந்த அலமாரியில் வைத்திருக்கிறேன், ஒரு புள்ளித் துருகூட இல்லை.

சவரத்தைப் பொறுத்தவரை, டாக்டர் அம்மா சொன்னபடி இடத்தைப் பிரித்துக்கொண்டேன். அண்ணன் சொன்னபடி கோட்டையும் நகர்த்தி வருகிறேன். விரலால் தடவிப் பார்த்தபோதுதான் என் கழுத்தின் வலப்பக்க முடி மேல்நோக்கி வளர்வது தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் செட்டால் அந்த இடத்தைக் கீழ்நோக்கி, எதிர்வாட்டத்தில் மழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கே வரும் கொப்புளங்களுக்குப் புழுக்கம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த இடத்தில் செட்டையும் மேல்நோக்கியே செலுத்துகிறேன், கொப்புளம் குறைந்துவிட்டது. மோவாய் முழுவதும் கத்திக்கு வந்துவிட்டது. கழுத்தில் குரல்வளை மேடும் அதன் வலப்பக்கமும் இன்னும் செட்டின் வசம்.

கழற்றிய கைப்பிடியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அதை எப்படி வைத்துக்கொள்வது?

பதிவு 13 | உருக்கும் கல்லும் (பெகு)

காற்றுப் புகும் காகித உறையில் இட்டு, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் தனியே வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மூடினால் சிதைவு விரையும். அதன் அருகில் கத்தி, கடிகாரம், பித்தளை என்று எந்த உலோகமும் வேண்டாம். அடுப்பும் விளக்கும் எட்டத்தில் இருக்கட்டும். விரிசல் பெருகி ஒட்டும் பதத்துக்கு வந்தால் அப்போது விட்டுவிட வேண்டியதுதான்.

பதிவு 14 | அடப்பம் (மோல்மீன்)

குரல்வளை மேட்டுக்கு ஒரு வழி: எச்சில் விழுங்குவதைப்போல மேட்டை ஏற்றிப் பிடித்துக்கொள்ள முயலாதீர்கள், தோலை இடக்கையால் பக்கவாட்டில் இழுத்து, மேட்டை விட்டு விலகிய சமதளத்தில் மழியுங்கள். தீபாவளிக்குத் தட்டோன் வருவதாக இருந்தால் மோல்மீனுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள், பேருந்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. கத்தியை எடுத்துவாருங்கள், அதற்குள் ஒருமுறை கல்லில் போட வேண்டியிருக்கும்.